ஒலியொற்றுமையும் உறவுமுறையும்

சென்ற ஷவ்வால் மாதத்தில் திருப்பத்தூரில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். உணவு முடிந்து பெரியவர்கள் பந்தலின் நிழலில் அமர்ந்திருந்த வேளையில், கல்லூரி மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் வந்திருந்த பட்டியலொன்றை உரக்கப் படிக்கலானார். கொரிய மொழியில் தந்தைக்கு ‘அப்பா’; தாய்க்கு ‘ஒம்மா’; ‘நான்’ என்பதற்கு ‘நா’; ‘நீ’ என்பதற்கு ‘நொ’; நாளுக்கு ‘நல்’; புல்லுக்குப் ‘புல்’; வா என்றழைக்கவும் ‘வா’. ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டத்தில் ஓர் ஆரவாரம் எழுந்தது. முடிவில், கொரியம் தமிழ் ஈன்ற சேய் என்றும் கொரியர் நம் உடன்பிறந்தார் என்றும் தீர்ப்பு வழங்கப்பட்டது. தோல் வணிகம் செய்யும் பெரியவர் ஒருவர், “அப்படியானால் இனி அவர்களிடம் விலை பேசுவது எளிது” என்றார். அனைவரும் நகைத்தனர்.

நகையாதிருந்தவர் ஒருவரே. அவர் முன்னாளில் நம்மிடம் ஓதிய மாணவர். ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தொட்டுச் செல்லும் அதே நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு அருகே, கார் உறுப்புகள் செய்யும் கொரியத் தொழிற்சாலை ஒன்றில் நான்காண்டுகளாகப் பணியாற்றுகிறார். 1996 இல் ஹுண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றி, 1998 இல் முதல் காரை வெளியே விட்டது முதல், அதனைச் சுற்றி இத்தகைய தொழிற்சாலைகள் பல தோன்றின. நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் அங்கே செல்லலாயினர். இவர் சென்னையில் 2006 முதல் இயங்கிவரும் இன்கோ மையத்தில் விடுமுறை நாட்களில் கொரியம் பயின்றவர். “ஏனப்பா, நீ ஒன்றும் சொல்லவில்லையே?” என்று வினவினோம். “ஹஜ்ரத், இந்தப் பட்டியலை நானும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் பட்டது போதும்” என்றார்.

அவர் பட்டது இது. ‘நீ’க்கு ‘நொ’ என்று பட்டியல் கற்பித்தது. மேலாளரை ‘நீ’ எனல் தகாது என்பதை அறியாத பிள்ளை அல்லர் அவர். ஆகவே ‘நீ’ இருந்தால் ‘நீங்கள்’ இருக்கத்தானே வேண்டும் என்று அகராதியைப் புரட்டினார். ‘தங்ஷின்’ என்றொரு சொல் அகப்பட்டது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், அலுவலக அறையில் பலர் முன்னிலையில், தம் துறைத் தலைவரை மிகுந்த பணிவோடு ‘தங்ஷின்’ என்று விளித்தார். அறை அடங்கிற்று. அம்மனிதர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார். ஒரு வாரம் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னர்தான் உடன் பணியாற்றும் ஒருவர் விளக்கினார்: அச்சொல் கணவனும் மனைவியும் தமக்குள் வழங்குவது, விளம்பரப் பலகையில் எழுதுவது, தெருவில் இருவர் கைகலக்குமுன் ஒருவரையொருவர் சுட்டுவது. மேலோரிடம் அது வசைக்கு நிகர்.

அப்படியாயின் ‘நீங்கள்’ என்பதற்கு என்னதான் சொல்? சொல் இல்லை என்பதே விடை. மேலோரை முன்னிலைப் பெயரால் சுட்டும் வழக்கமே அங்கில்லை. பதவிப் பெயரோடு ‘நிம்’ என்னும் மரியாதை ஒட்டைச் சேர்த்து, ‘பூஜாங்நிம்’ என்று, எதிரே நிற்பவரையே படர்க்கை போல் வைத்துப் பேசுதல் வேண்டும். வினைச்சொல்லும் அவருக்குரிய மரியாதை உருபை ஏற்றல் வேண்டும். இதைப் பிடிபடுத்திக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று என்று மாணவர் சொன்னபோது நாம் நகைத்துவிட்டோம். ஏனெனில், அவர் பத்து வயதிலேயே அதனைக் கற்றவர். நம்மிடம் ஓதிய காலத்தில் ஒரு நாளேனும் ‘நீங்கள்’ என்று அவர் நம்மைச் சொன்னதில்லை. “ஹஜ்ரத் தண்ணீர் குடிக்கிறார்களா?”, “ஹஜ்ரத் நாளைக்கு வருவார்களா?” என்றே கேட்பார். மதரசாவின் பாயில் அமர்ந்து பழகிய நாவழக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், பட்டியல் அதனை மறைத்துவிட்டது. ஒலியொத்த சொல்லைத் தேடியவர், முறையொத்த வழக்கைக் காணவில்லை. இப்பட்டியல்கள் மீது நாம் கொண்டுள்ள குறையெல்லாம் இதில் அடங்கும்; எனினும் அவற்றை ஒரு முறை முறையாகவே எடைபோட்டுப் பார்க்கக் கடவோம்.

தமிழையும் கொரியத்தையும் ஒப்பிடும் எண்ணம் கைப்பேசியில் பிறந்ததன்று. கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்டார். கொரியத் திருச்சபையின் வரலாற்றை 1874 இல் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் டாலே, கொரிய இலக்கணத்தின் போக்கு திராவிட மொழிகளை ஒத்திருத்தலைச் சுட்டினார். கொரியாவில் ஆசிரியராகப் பணிபுரிந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், 1905 இல் இதற்கெனவே ஒரு தனி ஒப்பிலக்கண நூல் இயற்றினார். இவர்கள் சொற்களை மட்டும் எண்ணியவர்களல்லர். வாக்கியத்தின் எலும்பை நோக்கியவர்கள். வினை இறுதியில் நிற்றல், வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டுதல், அடைமொழி முன்வருதல் ஆகியன இரு மொழிக்கும் பொது. ‘நான் நேற்றுப் பள்ளிவாசலுக்குப் போனேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் கொரியத்தில் வைக்கலாம். வினையை முதலில் வைத்து வாக்கியம் அமைக்கப் பழகுமுன் அரபு மாணவன் படும் பாட்டை நாற்பதாண்டாகக் கண்டுவரும் நமக்கு, இது எத்தகைய பேறு என்பது தெரியும். தமிழர் கொரியத்தை விரைந்து கற்பதற்கு இதுவே காரணம். ஆயின், இதே அமைப்பு ஜப்பானியத்திலும் உண்டு, துருக்கியிலும் உண்டு. துருக்கியைத் தமிழின் சேய் என்பார் எவருமிலர். மேலும், ‘போனேன், போனான், போனாள்’ என்று திணையும் பாலும் இடமும் காட்டும் தமிழ் வினையின் சிறப்பு கொரிய வினையில் இல்லை. யார் போயினும் அங்கே ஒரே முற்று. இன்றைய மொழியறிஞருள் பெரும்பாலோர் கொரியத்தைத் தனிக்குடும்பமாகவே வைத்துள்ளனர்.

இனிப் பட்டியலின் சொற்களுக்கு வருவோம். ‘அப்பா’வை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் தந்தையை ‘அத்தா’ என்கிறோம். தென்பாங்கில் ‘வாப்பா’ என்கிறார்கள். ஆம்பூரில் உருது பேசும் வீடுகளில்தான் ‘அப்பா’ ஒலிக்கிறது. அதுவும் தமிழ் ‘அப்பா’ அன்று. ஆக, இப்பட்டியலின்படி கொரியருக்கு நம்மைவிட உருதுக்காரர் நெருங்கிய உறவு! அரமேய மொழியிலும் தந்தை ‘அப்பா’வே. உதடு கூட்டிப் பிறக்கும் ஒலிகளே மழலையின் வாயில் முதலில் வருவன என்பதையும், உலகெங்கும் பெற்றோர் அவ்வொலிகளைத் தமக்குரிய பெயராக ஏற்றுக்கொண்டனர் என்பதையும் ரோமன் யாக்கப்சன் என்ற மொழியறிஞர் விளக்கியுள்ளார். போதாக்குறைக்கு, கொரியத்தில் ‘அப்பா’ சிறு பிள்ளையின் சொல். வளர்ந்தவர் முறையாகச் சொல்வது ‘அபொஜி’.

‘வா’வின் கதை இன்னும் சுவையானது. அச்சொல்லின் அகராதி வடிவம் ‘ஓதா’. அதில் ‘தா’ விகுதி. பகுதி ‘ஓ’ ஒன்றே. ‘ஓ’வோடு ‘ஆ’ சேர்ந்து புணரும்போதுதான் ‘வா’ என்று ஒலிக்கிறது. தமிழ் ‘வா’வோ ‘வரு’ என்றும் ‘வந்து’ என்றும் திரிவது. இரண்டும் ஒரு கணம் எதிரெதிரே வந்து, ஒரே உடை உடுத்திய அயலார் இருவரைப்போல் பிரிந்து செல்கின்றன. பகுதியையும் விகுதியையும் பிரியாமல் ஒரு சொல்லுக்குக் குலம் கற்பித்தல், ‘ஸர்ஃபு’ படிக்கும் முதலாண்டு மாணவனும் செய்யாத பிழை.

எல்லாவற்றினும் நம்மை நின்று சிந்திக்க வைத்தது ‘புல்’. மாணவர் மூன்று சொற்களை அடுத்தடுத்து ஒலித்துக் காட்டினார். ஒன்று நெருப்பு, மற்றொன்று கொம்பு, மூன்றாவது புல். நம் காதுக்கு மூன்றும் ‘புல்’. தமிழில் எழுதினாலும் மூன்றும் ‘புல்’. கொரியர் செவியிலோ மூன்றும் வெவ்வேறு: முதலாவது மெலிந்து பிறக்கும், இரண்டாவது தொண்டையை இறுக்கிக் காற்றின்றிப் பிறக்கும், மூன்றாவது காற்றைத் தள்ளிக்கொண்டு பிறக்கும். க, த, ச ஆகியவற்றிலும் இவ்வாறே. தமிழர் இயல்பாக வாய் திறந்து ‘புல்’ என்றால், கொரியர் செவியில் அது பெரும்பாலும் ‘கொம்பு’ என்றே விழும் என்கிறார் இவர். பட்டியலைத் தொகுத்தவர் மூன்றையும் ஓரெழுத்தில் அடைத்து, அதில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். நெருப்பையும் கொம்பையும் யாருக்கும் காட்டவில்லை.

குர்ஆன் ஓதக் கற்பிப்போருக்கு இது பழகிய இடர்ப்பாடு. அடிநாவில் பிறக்கும் காஃபால் சொன்னால் ‘கல்பு’ இதயம். சற்று முன்னே பிறக்கும் மற்றைக் காஃபால் சொன்னால் ‘கல்பு’ நாய். தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிழை எழுத்தினதன்று, தன் மொழிக்கு வேண்டியதை அது செவ்வனே செய்கிறது. பிறமொழியின் ஒலியை அதற்குள் திணித்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்று சாதிப்பதுதான் பிழை. நம் முன்னோர் அரபெழுத்தில் தமிழை எழுதியபோது இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டனர். அரபில் இல்லாத ட, ள, ழ, ங போன்ற ஒலிகளுக்கென எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் புதிதாகச் சேர்த்தனர். தமிழ் ஒலியை அரபு ஒலியாக்கி, ‘பாருங்கள், இரண்டும் ஒன்று’ என்று மகிழவில்லை. அதனாலன்றோ கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அரபுத்தமிழ் நூல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்மக்கள் ஓதியுணர முடிந்தது.

கொரிய எழுத்தின் வரலாறும் இதற்கு அயலானதன்று. சீன எழுத்தைக் கொண்டு தம் பேச்சை எழுத முயன்று இடருற்ற மக்களுக்காக, 1418 முதல் 1450 வரை அரசாண்ட செஜோங் மன்னர், 1443 இல் புதிய எழுத்துகளை வகுத்து 1446 இல் வெளியிட்டார். அன்று அவை 28. இன்று வழக்கில் உள்ள அடிப்படை எழுத்துகள் 24. எழுத்தின் வடிவம் அதன் பிறப்பிடத்தையே காட்டும். நாவின் அடி தொண்டையை அடைக்கும் தோற்றம் ‘க’வுக்கு, நாநுனி மேலே தொடும் தோற்றம் ‘ந’வுக்கு, வாயின் வடிவம் ‘ம’வுக்கு. தொல்காப்பியப் பிறப்பியலையும் தஜ்வீது நூல்களின் ‘மக்ரஜ்’ பாடத்தையும் ஒருசேரப் படித்தவருக்கு, இவ்வெழுத்துகளைக் கண்டதும் ஏற்படும் மகிழ்ச்சியை விவரித்தல் அரிது. முன்னிரு நூல்களும் சொல்லால் விளக்கியதை இம்மன்னர் கோட்டால் வரைந்துவிட்டார். 1444 இல் அரசவை அறிஞர் சிலர் இதனை எதிர்த்து விண்ணப்பம் செய்தனர்; சீன எழுத்தை விடுத்தல் நாகரிகத்தை விடுத்தலாகும் என்பது அவர்கள் வாதம். புலவர் புறக்கணித்தபோது அவ்வெழுத்தைக் காத்தவருள் பெண்டிர் முதன்மையானவர். ஒப்பிட விரும்புவோர் இவற்றை ஒப்பிடலாமே!

இம்மன்னர் தொடர்பாக மற்றொன்றையும் நம் வாசகர் அறிதல் வேண்டும். அவர் காலத்து அரண்மனை விழாக்களில் முஸ்லிம் பெரியோர் கலந்துகொண்டு வாழ்த்தோதியதை அந்நாட்டு அரச குறிப்பேடுகள் பதிந்துள்ளன. 1440-களில் தொகுக்கப்பட்ட வானியல் நூலின் ஒரு பகுதி முஸ்லிம்களின் வானியற் கணிதத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால், அதே மன்னரின் ஆட்சியில், 1427 இல், முஸ்லிம்கள் தம் தனி உடையையும் சடங்குகளையும் விட்டொழித்து ஏனையோரைப்போல் ஆகவேண்டும் என்று ஆணை பிறந்தது. கணிதம் ஏற்கப்பட்டது; தலைப்பாகை ஏற்கப்படவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு குர்தாத்பிஹ் தம் ‘அல்மஸாலிக் வல்மமாலிக்’ நூலில், சீனத்துக்கு அப்பால் ‘ஸீலா’ என்னும் பொன்விளையும் நாடு உள்ளதென்றும், அங்குச் செல்லும் முஸ்லிம்கள் அதன் நலத்தால் கவரப்பட்டுத் தங்கிவிடுகின்றனர் என்றும் எழுதியதை மதரசாவில் படித்து மகிழ்ந்தவர்கள், 1427 ஐயும் சேர்த்தே படித்தல் நன்று.

பட்டியலை இவ்வளவோடு விட்டு, வீட்டுக்குள் புகுந்துள்ள தொலைக்காட்சித் தொடர்களுக்கு வருவோம். நம் பெண்பிள்ளைகள் கொரியத் தொடர்களைப் பார்க்கிறார்கள். தாய்மார் முதலில் கடிந்துகொள்கிறார்கள், பின்னர் அருகில் அமர்ந்துவிடுகிறார்கள். நம் வீட்டிலும் இதே நிலை. ஒரு நாள் தமிழாக்கப்பட்ட தொடரொன்றில், கதைத்தலைவி தன் உள்ளங்கவர்ந்தவனை நோக்கி ‘அண்ணா’ என்றாள். வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் ‘தவ்பா, தவ்பா’ என்று எழுந்தே போய்விட்டார். மூலத்தில் உள்ள சொல் ‘ஒப்பா’. பெண்ணொருத்தி தன் தமையனை அழைக்கும் சொல் அது; தன்னில் மூத்த ஆண் நண்பனையும், காதலனையும், சில வேளை கணவனையும் அவ்வாறே அழைப்பாள். அகராதிப் பொருளை அப்படியே வைத்த மொழிபெயர்ப்பாளர், அன்புமொழியை அருவருப்பாக்கிவிட்டார்.

‘மச்சான்’ என்றோ ‘அத்தான்’ என்றோ வைத்திருக்கலாமே என்று நாம் முதலில் எண்ணினோம். பின்னர் அதுவும் தவறென்று தோன்றிற்று. நம்மிடையே மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். ‘மச்சான்’ என்ற சொல்லின் இனிமையே அம்முறையில் பிறந்தது. கொரியாவிலோ எட்டாம் படி வரை உறவினர் மணந்துகொள்ளலாகாது. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்விகமும் உடையோர், எத்தனை தலைமுறை விலகியிருப்பினும், மணக்கக்கூடாது என்ற சட்டமும் நெடுங்காலம் இருந்தது. 1997 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாதென்று தீர்ப்பளித்து, 2005 இல் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர் தம் தொழிற்சாலையில் தம் பெற்றோர் மாமன் மக்கள் என்று பேச்சுவாக்கில் சொல்ல, கேட்ட கொரியர் செய்வதறியாது தேநீர்க் கோப்பையை நோக்கினாராம். உறவுப்பெயர்கள் இங்கும் அங்கும் விரிந்து கிடக்கின்றன. தாய்வழி, தந்தைவழி என்று பிரிந்தும் கிடக்கின்றன. அங்கே தாயின் உடன்பிறந்தாள் ‘இமோ’. தந்தையின் உடன்பிறந்தாள் ‘கோமோ’. நம் வீட்டில் காலாவும் குப்பியும் போல. உணவு பரிமாறும் அயற்பெண்ணையும் ‘இமோ’ என்றழைப்பது அவர் வழக்கம். பேருந்தில் காய்கறிக் கூடைக்காரியை ‘அக்கா’ என்கிற நமக்கு அது விளங்கும். ஆனால் அந்த உறவுகளுக்குள் யார் யாரை மணக்கலாம் என்ற கேள்வி வந்ததும், இரண்டு வீடுகளும் எதிரெதிர்த் திசையில் வாயில் வைத்திருப்பது தெரிகிறது. அந்த ‘ஒப்பா’வுக்குப் பெயர் சொல்லி அழைப்பதே தமிழில் தகும் என்பது இப்போது நம் கருத்து. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதை ஏற்கவில்லை. ‘ஒப்பா’வை அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

மாணவர் சொன்ன அன்றாடச் செய்திகளில் இரண்டொன்றை விரைந்து குறிப்போம். முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். அது துருவி அறியும் ஆசையன்று, எந்த மரியாதை விகுதியில் பேசுவது என்று அறியவேண்டிய தேவை. பிறந்த அன்றே ஒரு வயது என்று கணக்கிடும் பழைய முறை 2023 ஜூனில் சட்ட அளவில் நீங்கிற்று. பேச்சில் இன்னும் உலவுகிறது. மூத்தோருக்கு எதையும் இரு கையாலேனும், வலக்கையை இடக்கையால் தாங்கியேனும் தருவர். வாயிற்படியில் காலணி கழற்றுவர். மூத்தவர் கரண்டி எடுக்குமுன் இளையவர் உண்ணார். இவை எதுவும் நம் பிள்ளைக்குப் புதிதாய்த் தோன்றவில்லை. இடர் வந்தது அலுவலக விருந்தில்தான். அங்கே மூத்தவர் தம் கையால் மது ஊற்றித் தருவது அன்பின் அடையாளம். மறுப்பது அவரையே மறுப்பதாகக் கொள்ளப்படும். அடுப்பில் பன்றியிறைச்சி.

‘அப்பா அம்மா ஒன்றுதான், நாமெல்லாம் உறவு’ என்ற பேச்சு இவ்விடத்தில் பயன்படாதது மட்டுமன்று, தீங்கும் செய்யும். உறவினன் என்றால் ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வி பிறக்கும். தெகு நகரில், பல்கலைக்கழகத்தில் பயிலும் பாகிஸ்தான், வங்காளதேச மாணவர்களுக்கென எழுப்பப்பட்ட பள்ளிவாசலின் கட்டட வேலை 2021 இல் நிறுத்தப்பட்டது; 2022 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் கட்டட வாயிலில் பன்றித் தலைகளை வைத்தனர் எதிர்ப்பாளர் சிலர். அதே நாட்டில், அரசே அளித்த நிலத்தில், சியோலின் பெரிய பள்ளிவாசல் 1976 இல் திறக்கப்பட்டது. இரண்டும் உண்மை. பட்டியலில் இரண்டுக்கும் இடமில்லை.

மாணவர் கண்ட வழி எளியது. விருந்துக்கு வருமுன்பே, தம் துறைத் தலைவரைத் தனியே கண்டு, பதவிப்பெயரையும் ‘நிம்’மையும் வைத்து, ‘சுருல் மொன் மஷிம்னிதா’ என்றார். மது அருந்த இயலாதவன் என்பது அதன் பொருள். இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘அருந்துவதில்லை’ என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. அது ‘உன் கோப்பை எனக்கு வேண்டாம்’ என்பதுபோல் ஒலிக்குமாம். ‘இயலாது’ என்பதே பணிவு. “ஆனால் ஹஜ்ரத், என்னால் இயலும்தானே? இயலாது என்பது பொய்யாகாதா?” என்று இரவெல்லாம் கவலைப்பட்டிருக்கிறார். தடுக்கப்பட்டதும் இயலாததில் சேர்ந்ததே என்று நாம் சொன்னோம். அத்தலைவர் அன்று முதல் அவர் கோப்பையில் தம் கையாலேயே தண்ணீர் ஊற்றுகிறாராம். இவரும் இரு கையால் வாங்கிக்கொள்கிறாராம்.

விருந்து வீட்டில் பந்தல் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டியல் படித்த கல்லூரி மாணவர் அருகே வந்து அமர்ந்து, தமக்கும் அந்த மூன்று ‘புல்’லைக் கற்பிக்கும்படி கேட்டார். நெருப்பு அவருக்கு உடனே வந்தது, கொம்பும் வந்தது. புல்லுக்கு வாயின் முன் ஒரு தாளைப் பிடித்து, அது அசையும்படி ஒலிக்கவேண்டும் என்றார் நம் மாணவர். திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு நாமும் முயன்றோம். நாற்பதாண்டு தஜ்வீது கற்பித்த நம் வாயில் அந்த அழைப்பிதழ் அசையவேயில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை முயன்றுகொண்டிருந்தோம்.